சங்குச் சத்தம் கேட்ட வயல்கள்

(சென்னை நாளையொட்டி மாதவரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் 22 வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரம் ஒரு துண்டு மணல் நிலம் கிடைத்த கணக்கு அது. அன்றைக்கு மாதவரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆவணி மாதம். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சம்பாவுக்குத் தாங்குமா என்று மதகடியில் நின்று யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பட்டணம் என்று ஒன்று கிடையாது. அந்த இருவரின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

மாதவரத்தின் பெயர்க்காரணமாக இரண்டு மூன்று கதைகள் சொல்வார்கள். மாபெரும் தவம் செய்தவர்கள் இருந்த இடம் என்பார்கள். மாதவப் பெருமாளோடு சேர்த்தும் சொல்வார்கள். அவற்றை இன்று நான் ஆராயப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பழைய தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அவற்றில் ஒன்று புழற்கோட்டம். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் மண் அந்தக் கோட்டத்து மண். பக்கத்தில் திருவொற்றியூர்க் கோயில் சுவர்களைப் பாருங்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடு விட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு நந்தா விளக்குக்கு ஏறக்குறைய நூறு ஆடுகள். அந்த ஆடுகள் எங்கோ மேய வேண்டும், யாரோ கறக்க வேண்டும், நெய் உருக்கிக் கோயிலில் அளக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் மேய்ச்சலும் பாலும் நேற்று வந்த தொழில்கள் இல்லை என்பதற்காகவே இதை முதலில் சொன்னேன். பால்பண்ணைக்குப் பிறகு வருவோம்.

நான் சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரயில் மாதவரத்துக்கு வரவில்லை. தெற்கே அரக்கோணம் பாதை போகிறது, கிழக்கே கூடூர் பாதை போகிறது. இரண்டுக்கும் நடுவில், ஒரு ஸ்டேஷன்கூட இல்லாமல், இந்த ஊர் இருந்தது. ஆனாலும் இந்த ஊரின் உழவை, கூலியை, சாதியை, நேரத்தை ரயில்தான் மாற்றியது. அதற்குச் சமமாக ஊரை மாற்றிய இன்னொன்று உண்டென்றால், அது நம்மிடமிருந்து போன தண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் மாதவரத்தின் வரலாறு புரியாது.

ரயில் வருவதற்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது? 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தங்களுக்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை குளம், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, காடு எவ்வளவு என்று எல்லாம் எழுதினார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த ஓலைக் கணக்குகளை நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதியிருந்தார்கள். களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் உழவருக்கும் பிரிப்பதற்கு முன்னால், கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, தலையாரிக்கு இவ்வளவு என்று சுவந்திரம் எடுத்து வைத்தார்கள். ஏரிக்கென்று தனிப் பங்கு இருந்தது என்பதை இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பங்கு வைப்பதுபோல ஏரிக்கும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எழுதி முடித்துச் சில ஆண்டுகளில், 1780-இல், ஹைதர் அலியின் படை இந்தச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள், ஏரிக்கரைகள் உடைந்தன. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழித்து லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் வந்து ஏரிகளைச் செப்பனிடச் செலவு செய்தார். செலவு செய்தது வரி வாங்குவதற்குத்தான். ஆனாலும் ஏரியில் தண்ணீர் நின்றால்தான் வரி வரும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பின்னால் வந்த பலருக்கு அது புரியவில்லை.

நம் முன்னோர் ஊரைப் பெருமையாகப் பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்த நிலமெல்லாம் மிராசுதாரர்கள் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி உழுதவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள் சேரியில் இருந்தார்கள். படியாள் என்று பெயர். குடியிருந்த மண்கூடத் தங்களுடையது என்று அவர்களால் சொல்ல முடியாது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இம்மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதையொட்டி 1892-இல் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த அறிக்கை எழுதப்பட்டது நம் மாவட்டத்தைப் பார்த்து. பொற்காலம் என்று நாம் சொல்லும் கிராமத்தை அதையும் படித்துவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும்.

இனி ரயில்.

இந்தியாவின் முதல் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தானேவுக்குப் போனது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பயணிகள் ரயில் என்ற வகையில் அது சரி. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1837-இல், நம் பக்கத்துச் செங்குன்றத்தில் இருப்புப்பாதை ஓடிக்கொண்டிருந்தது. பட்டணத்துச் சாலைகளுக்குக் கல் ஏற்றத்தான் அந்தப் பாதை. குன்றின் சிவந்த கல்லை வெட்டி ஏற்றினார்கள். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தச் சிவப்புதான். இந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் ஆர்தர் காட்டன். பிற்காலத்தில் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டி, ஆந்திர மக்களால் இன்றும் சிலை வைத்துக் கும்பிடப்படுகிற அதே காட்டன். அவர் கடைசிவரை சொன்ன ஒரு கருத்து உண்டு: இந்தியாவுக்கு முதலில் வேண்டியது நீர்ப்பாசனமும் நீர்வழியும், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை அங்கே போட்டால் பஞ்சம் குறையும் என்றார். இந்த நாட்டின் முதல் தண்டவாளங்களில் ஒன்றைப் போட்டவர் அப்படிச் சொன்னார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

செங்குன்றத்துப் பாதை சில ஆண்டுகளில் மறைந்தது. பெரிய ரயில் வந்தது 1856-இல். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-இல் வேலையைத் தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். ராயபுரம் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் அதற்கு மூத்தது இல்லை. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டி ஓடினால் பழுதும் வரும். அதனால் அதே 1856-இல் பெரம்பூரில் பணிமனையும் வந்தது. அப்போது பெரம்பூரும் வியாசர்பாடியும் தோப்பும் வயலுமாக இருந்த ஊர்கள். எஞ்சினுக்குத் தொடக்கத்தில் நிலக்கரி கிடையாது, விறகுதான். எண்ணூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. விறகு படகில் கால்வாய் வழியாகப் பேசின் பாலத்துக்கு வந்து இறங்கியது. அந்தக் கால்வாயை 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டி நீட்டி, கவர்னர் பக்கிங்ஹாமின் பெயரை வைத்தார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு சொல்லலாம். அமெரிக்காவின் நடுச் சமவெளியில் எத்தனையோ சிறிய ஊர்கள், தங்கள் ஆரம்பகால வரலாற்றை எழுதும்போது, தண்டவாளம் வந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. அங்கே கம்பெனி முதலில் பாதை போட்டது, பிறகு ஸ்டேஷன், அதைச் சுற்றி மனை, அந்த மனைகளைச் சுற்றிக் கோதுமை வயல். அதற்கு முன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை வரலாற்றுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். நம் கதை அப்படித் தொடங்க முடியாது. ஏரியும் கோயிலும் கணக்கோலையும் உள்ள, ஆயிரம் ஆண்டு பழகிய ஒரு நிலத்தின் ஓரமாக இங்கே ரயில் வந்தது. அது ஊரைப் புதிதாகப் பெற்றெடுக்கவில்லை. இருந்த ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டது.

முதலில் யாரைக் கூப்பிட்டது? களத்தில் மரக்கால் நெல்லுக்குக் காத்திருந்தவர்களை. மிராசுதாரரின் திண்ணைக்குக் கீழே நின்று பழகியவர், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பணிமனை வாசலில் பெயர் கொடுத்தால் மாதா மாதம் கையில் காசு வாங்கலாம். அது பெரிய காசு இல்லை. உள்ளேயும் மேஸ்திரியின் ஏச்சு உண்டு, நல்ல வேலைகள் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் போயின. இருந்தும் அந்தச் சம்பளத்தில் ஒரு விடுதலை இருந்தது. சேரியிலிருந்து புறப்பட்டவர்கள் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கம் குடிசை போட்டார்கள். பிறகு பின்னி ஆலைகள் வந்தன. 1918-இல் இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் பிறந்தபோது, அதில் நின்றவர்களில் பலர் ஒரு தலைமுறைக்கு முன்னால் செங்கல்பட்டுச் சீமையின் வயல்களில் நின்றவர்களின் பிள்ளைகள்.

மற்றவர்களையும் ரயில் கூப்பிட்டது, வேறு வகையில். பணிமனையைச் சுற்றி ஆயிரக்கணக்கான வாய்கள். அவற்றுக்குக் கீரை வேண்டும், கத்தரிக்காய் வேண்டும், மோர் வேண்டும். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் புல்லும் வைக்கோலும் வேண்டும். என் பாட்டி கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்: கோழி கூவும் முன்பே தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்களாகப் பெரம்பூருக்கு நடப்பார்களாம். முதல் சங்கு ஊதுவதற்குள் லைன் வீடுகளில் ஊற்றி முடித்துவிட வேண்டும். இரண்டாம் சங்குக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது, காசு நாளைக்குத்தான்.

இந்தச் சங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பணிமனையின் ஊதலை நம் பக்கத்தில் யாரும் சைரன் என்று சொன்னதில்லை, சங்கு என்றுதான் சொன்னார்கள். கோயிலிலும் சாவு வீட்டிலும் கேட்ட பெயரை எடுத்து அதற்கு வைத்தார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் மாதவரத்து வரப்பிலும் அது கேட்கும். அதுவரை நிழலைப் பார்த்து ஏர் அவிழ்த்தவர்கள், பிறகு சங்கைக் கேட்டு அவிழ்த்தார்கள். கஞ்சிக் கலயம் கொண்டுபோகும் நேரமும் அதுவே ஆனது. ரயிலைப் பார்க்காத வயல்கள்கூட ரயில்வேயின் நேரத்துக்கு நடந்தன. ஒரு தொழில் ஓர் ஊரை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

என் தாத்தா காலையில் கேரேஜ் ஒர்க்ஸுக்குப் போவார். மாலையில் வந்து ஏற்றம் மிதிப்பார். அப்போது மெட்ராஸ் ரயில்வே போய் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே, சுருக்கமாக எம்.எஸ்.எம்., ஆகிவிட்டது, 1908-இல் நடந்த மாற்றம் அது. அறுப்பு நாட்களில் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பாட்டி சொல்வார். வீட்டுக்கு வீடு அந்தக் காய்ச்சல் இருந்திருக்கிறது. 1932-இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதங்களில் நிலம்தான் சோறு போட்டது என்று தாத்தா சொல்வார். ஒரு காலைச் சேற்றிலும் ஒரு காலைப் பணிமனையிலும் வைத்திருந்தவர்கள் அவர்கள். உழவர் குடியா, ரயில்வே குடியா என்று கேட்டால் இரண்டும்தான் என்பதே சரியான பதில்.

அடுத்தது தண்ணீர்.

1872 வரை பட்டணம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. ஏழுகிணறு என்ற பெயர் அதற்குச் சாட்சியாக இன்னும் இருக்கிறது. ஊர் பெருத்தது, காலரா வந்தது, நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. ஃபிரேசர் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழல் ஏரிக்குக் கொண்டுவந்து, திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை விட்டார்கள். பிறகு 1914-இல் மேட்லி என்பவர் கால்வாயை மூடி, கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் அமைத்தார். பட்டணத்து மக்களின் உயிரைக் காத்த வேலை அது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சோழவரமும் புழலும் அதுவரை வயலுக்குப் பாய்ந்த ஏரிகள். குடிநீர் ஏரி என்று பெயர் மாறிய நாளிலிருந்து, அவற்றின் கீழ் வாழ்ந்த உழவனின் உரிமை இரண்டாம் இடத்துக்குப் போனது. ஏரிக்கென்று களத்தில் பங்கு வைத்த குடிகளுக்கு, ஏரியில் பங்கு குறைந்தது.

நீர் குறைந்தால் நெல் குறையும். மேய்ச்சல் நிலைக்கும். மாதவரம் மெல்ல மெல்ல மாட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பம்பாயில் 1949-இல் ஆரே பால் காலனி தொடங்கிய பிறகு, மாடுகளை நகரத்துக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக் காப்பது என்ற எண்ணம் இங்கும் வந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து உதவியோடு 1963-இல் மாதவரம் பால்பண்ணை உருவானது. சென்னைக்காரர்களுக்கு மாதவரம் என்றால் அன்று முதல் பால்பண்ணைதான். பேருந்துப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பின்னால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் 1989-இல் இங்கேயே அமைந்தது. திருவொற்றியூர் விளக்குக்கு நெய் அளந்த வட்டாரம், பட்டணத்துக் காப்பிக்குப் பால் அளந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, லாரிகள், கிடங்குகள், மனைப்பிரிவுகள். 2011-இல் மாதவரம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. இதையெல்லாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் 2019 ஜூலை 12-ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு புழல் ஏரி வெடித்துக் கிடந்தது. அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. வாழைத்தோரணம் கட்டி வரவேற்றார்கள். வாலாஜா ரோட்டுக்கு இந்தப் பக்கம் அது வந்த வழி, 1856-இல் ராயபுரத்திலிருந்து போட்ட அதே வழி. தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம், 1872 முதல் நம் ஏரித் தண்ணீர் போய்ச் சேர்ந்த அதே கீழ்ப்பாக்கம். அன்று நான் வில்லிவாக்கத்தில் கூட்டத்தோடு நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மழை பெருத்த ஆண்டுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். புழலில் உபரிநீர் திறந்தால் அரசு எச்சரிக்கை விடுக்கும்: நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். தொலைக்காட்சியில் இந்தப் பெயர்கள் ஓடும்போது உற்றுக் கேளுங்கள். அது நம் பழைய ஊர்களின் வரிசை. தண்ணீர் தன் வழியை மறக்கவில்லை. நாம்தான் அந்த வழியில் மனை போட்டோம்.

இப்போது பால்பண்ணை வாசலில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. இங்கிருந்து சிறுசேரிக்கு ஒரு தடம், சோழிங்கநல்லூருக்கு ஒரு தடம். ஒவ்வொன்றும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ரயில், இப்போது மாதவரத்திலிருந்தே புறப்படப் போகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தோண்டும்போது எந்த மதகு, எந்த வாய்க்கால், எந்தத் தாங்கல் மறைகிறது என்பதைக் குறித்து வைக்க ஆள் வேண்டும் என்பதே என் கவலை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பட்டா இருக்கும், கிரயப் பத்திரம் இருக்கும், தாத்தாவின் ரயில்வே சர்வீஸ் புத்தகம் இருக்கும், பாஸ் இருக்கும். கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். அதில் இன்று இல்லாத வாய்க்காலின் பெயரும் இருக்கும். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த அவையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். பின்னால் நிற்கும் பிள்ளைகள் அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மதகு எந்தப் பக்கம் பாய்ந்தது, சங்கு எத்தனை மணிக்கு ஊதியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். எழுதியதைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து வரைபடம் போடுவோம்.